பிளாக் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரருக்கு யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பீளமேட்டில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டிலிருந்தபடியே நெகமம் காட்டன் சேலை விற்கிறேன். அதற்கென்று ஆன்லைனில் ஒரு பக்கம் இருக்கிறது. சேலை மடிப்பதும் பார்சல் கட்டுவதும் என் வேலை. இன்பாக்ஸ் அவர் பொறுப்பு. கொடுத்தவளே நான்தான், யாரைக் குறை சொல்ல?

இன்பாக்ஸில் வருவதில் பாதி குப்பை. லாட்டரி விழுந்திருக்கிறது என்பான் ஒருவன். வீட்டிலிருந்தே லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்பாள் ஒருத்தி. நானாக இருந்தால் படிக்காமலே அழித்துவிடுவேன். இவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ரொம்ப சந்தோசமுங்க. இப்போதைக்கு வேண்டாமுங்க. சேலை ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று தட்டிக்கொண்டிருப்பார். 'ஹாய் டியர்' என்று மட்டும் எழுதிய ஒரு வெள்ளைக்காரிக்கு, அந்த வாரம் வந்த சேலைப் படங்கள் அத்தனையும் போயிருந்தன. கலர் பிடித்ததா என்று வேறு கேட்டிருந்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் மிசினு அனுப்பறதுங்க. ஆளே கிடையாது. இதுக்குப் போயி எதுக்குங்க மாரடிக்கறீங்க?"

"ஆள் இருந்தா? ஒருத்தரு வந்து கூப்புட்டா என்ன ஏதுன்னு கேக்காம இருப்பியா அம்மணி?"

இருப்பேன். அவரிடம் சொல்லிப் பயனில்லை. பிளாக் பண்ணும் வித்தையையும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "அது மரியாதையில்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் நான் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மணி, ஆபீஸ்ல இருந்து எழுதியிருக்காங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். பக்கத்தை நடத்தும் கம்பெனியின் அதிகாரியாம். எங்கள் மேல் புகார் வந்திருக்கிறதாம். சற்று நேரத்தில் பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். மூடாமல் இருக்க வேண்டுமானால் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை உடனே அனுப்ப வேண்டுமாம்.

நானாக உண்டாக்கியது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. காலமெல்லாம் இன்னார் சம்சாரமாக இருந்தவளை, முகம் தெரியாத பெண்கள் 'சேலைக்கார அக்கா' என்று கூப்பிடுவது அங்கேதான். அது போனால் அத்தனை பேரையும் எங்கே போய்த் தேடுவேன்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நம்பரக் குடுத்துத் தொலைங்க!" என்று கத்தினேன். பக்கம் அவர் பெயரிலிருக்கும் போனில் பதிவானது. எண்ணும் அதற்குத்தான் வந்திருந்தது.

"இரு. எடுத்த எடுப்புல நம்பர நீட்டுனா நல்லாவா இருக்கும்? நாலு வார்த்த பேசோணுமில்ல" என்று தட்ட ஆரம்பித்தார். "வணக்கமுங்க. சாருக்கு எந்த ஊருங்க? சாப்டீங்களா?"

'எண்ணை அனுப்பவும்' என்று பதில் வந்தது.

"அனுப்பறனுங்க. புகாரு குடுத்தது யாருங்க? சாயம் போயிருந்தா மாத்திக் குடுத்துபோடலாமுங்க."

'உடனடியாக எண்ணை அனுப்பவும்.'

"கோயமுத்தூரு வந்தா நம்மூட்டுக்கு வாங்க. ஒரு வாய் சாப்புட்டுபோட்டுப் பேசிக்கலாமுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கப் போனேன். அவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குள் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. 'முட்டாள் கிழவா, எண்ணை அனுப்பு.'

அதை இரண்டாம் முறையும் படித்தார். முகம் சுண்டிப்போனது.

"ஆபீசருன்னா இப்படியா பேசுவாங்க? இவன் ஆபீசர் இல்ல அம்மணி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண் வந்திருந்த செய்தியைத் திறந்து பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கொடுத்திருந்தால் பக்கம் அந்தத் திருடன் கைக்குப் போயிருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பிளாக் பண்ணுங்க" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் பண்ணினார்.

சித்த நேரம் கழித்து, "பிளாக் பண்ணுனது அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க."

"அப்பச் சொல்லாமக் கொள்ளாமப் பண்ணுன மாதிரி ஆயிருமே."

பிளாக்கை எடுத்துவிட்டார். 'நீங்கள் பேசியது சரியில்லை. உங்களை பிளாக் பண்றேன்' என்று எழுதி என்னிடம் காட்டினார். வேறொரு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்று எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மனுஷன் மேல் அப்படியொரு ஆசை பொங்கியது. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

"என்னங்க இது, 'பண்றேன்'னு மொட்டையா இருக்குது? 'பண்றனுங்க'ன்னு போடுங்க" என்றேன்.