வாசிக்கச் சொன்னோம், எழுதப் போனது

வவுனியாவில் கொம்பியூட்டர் வகுப்பில் அசெம்பிளி மொழி படித்தபோது, போட்டோ கொப்பி எடுத்த கையேடுதான் எங்கள் வேதம். பிளொப்பியை வாசிக்கும் புறோகிராமை அதில் இருந்தபடியே தட்டினேன். பிளொப்பிக்குள் இருந்தவை தோழி ஸ்டெல்லா திரைக்காக வரைந்த தமிழ் எழுத்துகள். வேறு பிரதி இல்லை. ஓடவிட்டதும், ‘எழுத முடியாது, பிளொப்பி பூட்டியிருக்கிறது’ என்றது திரை.

“வாசிக்கத்தானே சொன்னனாங்கள்? ஏன் எழுதப் பாக்குது?” என்றாள் ஸ்டெல்லா.

கையேட்டின் பின் அட்டவணையைப் புரட்டினேன். கட்டளை எண்கள்: வாசிக்க 2, எழுத 3. உதாரணத்தில் 3 என்று அச்சாகியிருந்தது! அவள் பிளொப்பியின் மூலையில் எழுதவிடாமல் தடுக்கும் பூட்டைத் தள்ளி வைத்திராவிட்டால் எல்லாம் பாழ்.

“புத்தகத்திலயும் பிழை வருமோ?” என்றாள்.

“ஏன் வராது? அச்சடிச்சதும் மனிசர்தானே.”

பேனாவால் 3ஐ வெட்டி 2 போட்டேன். அதன்பிறகு எந்தக் கையேட்டின் உதாரணத்தையும் முதலில் வெறும் பிளொப்பியில்தான் ஓட்டினேன். பிழை கண்டால் திருத்த, பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.