எதிர் வீட்டுக்குப் போன பொங்கல் வாழ்த்து

"கூட வந்த பாப்பாவுக்கு மிட்டாய் வேணாமாம்மா?"

பெட்டிக்கடை முனிசாமி அண்ணன் என்னிடம் கேட்டது இது. 1999, சித்திரை மாதம், கோவளம். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு குழந்தை, என் அக்கா மகள் தேன்மொழி. அவளுக்கு ஏற்கெனவே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடலாம். நான் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. அச்சரப்பாக்கத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோகிணி அக்காவும் மாமாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். ஐந்து வயது தேன்மொழியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெளியாட்களிடம் எனக்குப் பேச்சே வராது. அவளிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவேன். இரண்டு பேரும் உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்வோம். பழைய காலண்டர் அட்டை, கலர் பென்சில், உடைந்த வளையல், சோற்றுப் பசை. மாமா பிறந்தநாளுக்கு ஒன்று. அக்கா கோபமாக இருந்தால் ஒன்று. மாமா எல்லாவற்றையும் பீரோ கதவில் ஒட்டி வைப்பார்.

தை பிறப்பதற்கு முன்னால் தெருவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் பொங்கல் வாழ்த்து செய்தோம். கரும்பு, பானை, சூரியன். கீழே, 'பொங்கலுக்கு எங்க வூட்டுக்கு வாங்க.'

"எதிர் வூட்டுக்கு மட்டும் குடுக்காத," என்றாள் அக்கா. "சாவு வூடு அது. வருசம் திரும்புற வரைக்கும் அங்க பண்டிகை கெடையாது. வாழ்த்து சொல்லக் கூடாது."

எதிர் வீட்டு அமிர்தவல்லிக்கு ஒரே மகள், வெண்ணிலா. ஆறு வயது. நான் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு காய்ச்சலில் போய்விட்டாள். சின்னக் குழந்தை என்பதால் எரிக்கவில்லை. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் புதைத்தார்கள்.

தேன்மொழிக்கு அது புரியவில்லை. வெண்ணிலாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அழுதாள். பிறகு அவளாகவே ஒன்று செய்து, எதிர் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று பதில் வந்தது.

எங்கள் கதவுக்கு அடியில் கிடந்தது. தடித்த, வழவழப்பான தாள். ஓரமெல்லாம் ஈரம். கரியால் வரைந்த படம். எங்கள் தெரு, எங்கள் வீடு, வாசலில் முகம் இல்லாத ஒரு சின்ன உருவம்.

"நீ வரைஞ்சியா தேனு?"

"நான் இல்ல சித்தி. அவ."

சிரித்துக்கொண்டே பீரோவில் ஒட்டினேன்.

சித்திரை வருஷப் பிறப்பன்று அடுத்தது வந்தது. இந்த முறை படத்தில் எங்கள் வீட்டின் உள்பக்கம்... கட்டிலில் தேன்மொழி தூங்குகிறாள். தலைமாட்டில் அந்த உருவம். கீழே பாயில் நான். என் முகத்தை மட்டும் கரியால் கிறுக்கி, தாள் கிழியும் வரை அழுத்தியிருந்தது.

அந்த வாரம்தான் முனிசாமி அண்ணன் அப்படிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பீரோவைப் பார்த்தேன். நாங்கள் செய்த அட்டைகளில் அக்கா முகம், மாமா முகம், என் முகம்... எல்லாம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தன. தேன்மொழி முகம் மட்டும் அப்படியே இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "கொயந்த பண்ற சேட்டைடி. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு கீற," என்றாள்.

ஆடி மாதம். சாயங்காலம் ஆறு பத்து. கரண்ட் போனது. தேன்மொழியைக் கட்டிலில் விட்டுவிட்டு விளக்கேற்ற உள்ளே போனேன்.

பின்கதவில் சத்தம்.

டக்... டக்...

திரும்பி வந்தேன். கட்டிலில் தேன்மொழி இல்லை. அவள் படுத்த இடத்தில் ஒரு அட்டை. மேலே சவுக்கு மரங்கள். கீழே மண். மண்ணுக்குள்ளே... இரண்டு பெண் குழந்தைகள், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

ஓடினேன்.

தோப்பில் நல்ல வெளிச்சம் இல்லை. அலைச் சத்தம் மட்டும்.

"தேனு!"

மரம் மரமாகத் தேடினேன்.

மணலில் ஒரு பள்ளம். அவள் மல்லாந்து கிடந்தாள். கழுத்து வரை மண். இரண்டு கையும் உள்ளே. தன் மேல் தானே அப்படி மண்ணைப் போட்டுக்கொள்ள முடியாது.

சர்ர்... சர்ர்...

மண் இன்னும் அவள் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

தோளைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

கீழிருந்து யாரோ இழுத்தார்கள்.

"வுடு சித்தி... தனியா படுக்க அவளுக்கு பயமா கீதாம்."

எப்படித் தூக்கினேன், எப்படி வீட்டுக்கு வந்தேன், தெரியாது.

அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. ஊசிக்கும் இறங்கவில்லை. மாமா மருந்துக்கு அலைந்தார். அக்கா ஈரத்துணியோடு உட்கார்ந்தே இருந்தாள். தேன்மொழி கண்ணை மூடியபடி யாருக்கோ தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் நானே எதிர் வீட்டுக்குப் போனேன். அமிர்தவல்லி முன்னால் நான் போய் நின்றது அதுதான் முதல் தடவை. பேச்சு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கட்டில் பக்கம் உட்காரவைத்து, அந்த மூன்று அட்டைகளையும் மடியில் போட்டேன்.

"இன்னாடி இது?"

அமிர்தவல்லி படங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றைத் திருப்பினார்கள். பின்பக்கம் அச்சடித்த மஞ்சள் வாத்து. இன்னொன்றில் பாதி யானை. 

"இது... எம்பொண்ணு படப் பொஸ்தகம்."

"அந்தப் பொஸ்தகம் எங்க கீதுக்கா?" என்று கேட்டேன்.

"கண்ண மூடுற வரைக்கும் கையில வெச்சிக்கினு இருந்தா. குழியில... அவ நெஞ்சு மேல நான்தான் வெச்சேன்."

அக்கா கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

நான் அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க சொன்னா கேப்பாக்கா. அம்மா பேச்ச கேப்பா. இவள வுட்டுடச் சொல்லுங்கக்கா... ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க..."

அமிர்தவல்லி குனிந்து தேன்மொழியைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை, பெற்ற மகளுக்கு ஒதுக்குவதுபோல மெல்ல ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு மூன்று அட்டைகளையும் அடுக்கி, மாரோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்கள். என் கையைக் காலிலிருந்து பிரித்து விலக்கினார்கள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே வெளியே போனார்கள்.