ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஆறு பாட்டு

எனக்குச் சங்கீதம் கற்றுக்கொடுத்தது ஒரு ஜீப்பு. போடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்த ஜீப்பில்தான் தினமும் எஸ்டேட் ஆபீசுக்குப் போய் வருகிறேன். ரேடியோ பாடாவிட்டால் டிரைவருக்குக் கை ஓடாது. அடிவாரத்தில் தமிழ்ப் பாட்டு கணீரென்று கேட்கும். பாதி மலை ஏறியதும் அது இரும ஆரம்பிக்கும். இன்னும் ரெண்டு வளைவு தாண்டினால் ஒரு மலையாளப் பாட்டு வந்து நடு வரியில் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்காக இப்படியே கேட்டதில், எந்தத் தமிழ்ப் பாட்டின் கடைசிச் சரணமும் எனக்குத் தெரியாது. எந்த மலையாளப் பாட்டின் பல்லவியும் தெரியாது. நானே மெட்டுப் போட ஆரம்பித்தபோது பல்லவி கம்பீரமாகப் புறப்படும். சரணம் போடிமெட்டு எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் எங்கோ போய்விடும்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. பாதியில யாரு வந்து பாடுறா?" என்று கேட்டாள் என் மனைவி.

எஸ்டேட் பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு "கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் அதற்கு 'நன்றாக இருக்கிறது' என்று பொருள். 'ஏதோ பரவாயில்லை' என்பதற்கும் அதே சொல்தானாம். நான் முதல் பொருளை எடுத்துக்கொண்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறு சொந்தப் பாட்டு, ஒரு ஆல்பம் என்று முடிவு செய்து மைக்கும் வாங்கிவிட்டேன். எங்கே உட்கார்ந்து பாடுவது என்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. எங்கள் தெருவில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. முதல் பாட்டைப் பதிவு செய்தபோது பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டி ஜன்னலோரம் போனது. "பழைய இரும்பு, பிளாஸ்டிக்கு" என்பது சரியாகத் தாளத்தில் விழுந்திருந்தது. அதை அழிக்க வேண்டாம், பாட்டில் புரிகிற வரி அது ஒன்றுதான் என்றாள் மனைவி.

அப்போதுதான் மாமனார் வீட்டுக் குடோன் கண்ணில் பட்டது. அவருக்கு மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. விலை ஏறட்டும் என்று அந்த வருடக் காயை எல்லாம் மூட்டை கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார். ஏதோ எடுக்கப் போன நான் உள்ளே நின்று ஒரு குரல் கொடுத்தேன். எதிரொலி என்ற பேச்சே இல்லை. பட்டணத்து ஸ்டூடியோக்காரர்கள் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிச் செய்வதை மாமனார் ஏலக்காயை வைத்தே செய்திருந்தார்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். மழை, விலை இரண்டைத் தவிர அவர் வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

"பாடுங்க மாப்ளே. மூட்டையில மட்டும் சாஞ்சுராதீங்க, காயி நசுங்கிரும். கதவ நல்லா இறுக்கிச் சாத்திக்கங்க."

ஈரக்காற்று பட்டால் காய்க்கு ஆகாது என்றுதான் அப்படிச் சொன்னார் என்று நம்புகிறேன்.

ஃபேன் போட்டால் மைக்கில் இரையும். அதனால் துண்டோடு உட்கார்ந்து, வேர்த்து வடிய, நடுநடுவே தும்மிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து ஐந்து பாட்டை முடித்தேன். ஆறாவது பாட்டு என் மனைவிக்காக எழுதியது. ஜீப்பு ரேடியோவின் உபயம் இல்லாமல் ஒரு சரணமாவது என் சொந்தச் சரணமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அது வருவேனா என்றது.

அந்த நேரம் பார்த்து ஏலக்காய் விலை ஏற ஆரம்பித்தது. ஊரே சிரித்த முகமாகத் திரிந்தது. நான் மட்டும் விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி அலைந்தேன். மூட்டைகள் போய்விட்டால் அறை எதிரொலிக்கும். மனைவிக்கான பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பாடியது போல் ஆகிவிடும். விலை ஏற வேண்டும் என்று சனங்கள் தேங்காய் உடைக்கிற ஊரில், "சாமி, இந்தப் பாட்டு முடியிற வரைக்கும் வெலய ஏத்தாத" என்று கும்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே தெரிந்தால் மறுநாள் ஜீப்பில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

வேலை முடிந்து தினமும் சாயங்காலம் குடோனுக்குப் போனேன். மாமனார் வாசலில் வந்து நிற்பார்.

"முடிஞ்சுச்சா மாப்ளே?"

"சரணம் இன்னும் வரலை மாமா."

மழை வரவில்லை என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அப்படிக் கேட்டுக்கொள்வார். "வரும், வரும்" என்றபடி போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வந்துவிட்டது. பாடி முடித்து, நனைந்த கோழி மாதிரி கதவைத் திறந்தால் வெளியே மினி லாரி நிற்கிறது. அதன் நிழலில் லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து தலைத்துண்டை உதறினார்.

"முடிஞ்சுச்சாண்ணே? செவ்வாக்கெழமையே ஏத்த வேண்டிய லோடு. மொதலாளிதான், மாப்ள பாடிக்கிட்டு இருக்காரு, முடியட்டும்னுட்டாரு. எங்களுக்கும் வேற சோலி இருக்குல்ல?"

இப்போது விலை எப்படி என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழமைதாண்ணே உச்சம். அதுக்கப்புறம் தெனமும் எறங்குமுகம்தான்."

என் வேண்டுதல் பலித்துவிட்டது. நேர்த்திக்கடனை மாமனார் செலுத்தியிருந்தார். விலை கொஞ்சம் சறுக்கினாலே சோறு இறங்காத மனிதர் அவர். நான்கு நாளும் வாசலில் வந்து நின்றும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே போகப் போக, எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஆறாவது பாட்டைக் கேட்டோம். சரணம் வந்தபோது மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமனார் கண்ணை மூடிக் கடைசி வரைக்கும் கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மாப்ளே. வெலதான் கொஞ்சம் கூடிப்போச்சு."