புகைத்தாளில் இரண்டரை வரி

திருத்தணிக்கு வெளியே, பொதட்டூர்பேட்டை போகும் சாலையில், நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. என் அக்காவின் கணவர் அங்கே பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். எனக்கு அவர் பாவா. பாதி நிலத்துக்குள் இறங்கிய அறையில் ஓர் உருளை சுழன்றுகொண்டிருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கறுப்பாக்கிய தாளை அதன்மேல் சுற்றியிருப்பார். தரை அசைந்தால் ஊசி கரியைக் கீறும்; வெள்ளைக் கோடு நெளியும். ஒரு சுற்று என்பது ஒரு வரி, பதினைந்து நிமிடம். நிமிடத்துக்கு ஒரு சிறு குறி தானாக விழும். மறுநாள் தாளைக் கழற்றி, கரி உதிராமலிருக்க அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைப்பார்.

ஊசிக்கு எது பூகம்பம், எது லாரி என்று தெரியாது. காலடியையும் எழுதிவிடும். ஒருமுறை நான் உள்ளே போனபோது பாவா தாளைத் தொட்டுக் காட்டினார். "பாரு ரிப்போர்ட்டரு, இது நீ நடந்து வந்துகினு இருக்கிறது. ஊரே இடிஞ்சி போச்சோன்னு பாத்தேன்."

அதனால் வெளியாள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். அக்காவுக்கும் அதேதான். பன்னிரண்டு மணி பஸ்ஸில் சாப்பாட்டுடன் வந்து இறங்கி, கேட்டருகே நிற்பாள். கூப்பிட்டாலும் உள்ளே கேட்காது. அவராக வந்து வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. ஒரு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா முதல்முறையாக உள்ளே நடந்தாள். உருளைக்குக் கீழே அவர் கிடந்தார். உயிர் இல்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

அப்போது நான் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். நான்கு வரிச் செய்தியை நானே எழுதினேன். 'சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்' என்று முடித்தேன். அதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. கை பழகிய வாக்கியம். அக்கா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். விழுந்த நொடியே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்று துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பேப்பரிலேயே வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

பிறகு உருளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த அறையில் ஆளும் இல்லை, தாளும் இல்லை. தரையில் பதித்த கருவி அசைவை எண்களாக்கி, வேறு ஊரிலுள்ள கணினிக்கு அந்தக் கணமே அனுப்பிவிடுகிறது. போன மாதம் பழைய தாள்களை ஸ்கேன் செய்ய ஓர் இளம் பெண் பொறியாளர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பாவா எத்தனை மணிக்கு விழுந்தார் என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் அக்கா. அழைத்துப் போனேன்.

பாவா இறந்த நாளின் தாளை மாற்றுப் பணியாளர் கழற்றிப் பழைய தாள்களின் கட்டோடு சேர்த்திருந்தார். யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கிறவர்தானே இறந்துபோயிருந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு பெரிய எகிறல். அவர் விழுந்தது. அதன் பிறகு கோடு நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று சிறு கீறல்கள், இடைவெளி, மறுபடி மூன்று. தரையைக் கையால் தட்டினால் இப்படி விழும் என்ற பொறியாளர், எங்கள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அந்த அறையில் ஊசிக்கு மட்டும்தான் கேட்கும் என்று பாவாவுக்குத் தெரியும். கீறல்கள் இரண்டரை வரி நீண்டன. போகப் போகச் சிறுத்தன. பிறகு நேர்க்கோடு. அதற்கும் பிறகுதான், ஒரு மணிக்குச் சற்று முன், வரிசையாக அக்காவின் காலடிகள்.

"ஏதோ லாரி போயிருக்கும்க்கா" என்று தாளைச் சுருட்டப் போனேன். அவள் என் கையை விலக்கினாள். பதினெட்டு ஆண்டுகள் அவர் சொல்லிக் கேட்டவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். நிமிடக் குறிகளை விரலால் எண்ணிக்கொண்டே போனாள். பன்னிரண்டேகாலில் விரல் நின்றது.

"இப்ப நான் கேட்டாண்ட நின்னுகினு இருக்கேன். அது எங்க?"

"நின்னா பதிவாகாதும்மா" என்றார் பொறியாளர். "நடந்தாத்தான்."

அக்கா "ஆங்" என்றாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கீறல்கள் மூன்று மூன்றாக இருந்தன.