வசந்தா அக்கா வாங்கிய பிரஸ்

வசந்தா அக்கா தவறிவிட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது, நான் என் உதிரிபாகக் கடையில் ஒரு டிராக்டருக்கு கிளட்ச் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினேன். துப்பாக்கி சுடும் சங்கத்தில் அவரோடு நின்றவர்களே, அவரைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோட்டா போடும் மெஷின் வாங்கியபோது கூடவே இருந்தவன் நான். இன்று நினைத்தாலும் உடம்பு பரபரக்கிறது.

பம்ப்செட் கடை வைத்திருந்த அக்கா, ஐம்பது வயதுக்கு மேல்தான் துப்பாக்கியைத் தொட்டார். வானில் பறக்கும் களிமண் தட்டைச் சுட்டு உடைக்கிற போட்டி அவரைப் பித்துப்பிடிக்க வைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கண் டாக்டர், கண்ணில் அழுத்தம், வலது ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் என்று சொல்லிவிட்டார்.

"கண்ணு மூடிக்கிறதுக்குள்ள ஒரு தடவ மாநிலப் போட்டில நின்னுடணும் தம்பி" என்றார் என்னிடம்.

அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். கடைத் தோட்டா கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. சுட்டுத் தள்ளிய தோட்டாக் கூடுகளில் வீட்டிலேயே வெடிமருந்தும் ஈயக்குண்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்று அனுமதிக்கு அலைந்து, ஒருவழியாக வாங்கியும் விட்டார். அதற்கான மெஷினைப் பிரஸ் என்பார்கள்; எந்த வகை வாங்குவது என்பதுதான் பாக்கி. ஒரு வகையில், ஒரு தோட்டாவை எடுத்து ஒவ்வொரு வேலையாக முடிக்க வேண்டும். இன்னொன்றில் கூடுகளை ஏந்திய தட்டு சுற்றும். லீவரை ஒருமுறை இழுத்தால் ஒரு கூட்டில் மருந்து, அடுத்ததில் குண்டு, அதற்கடுத்ததற்கு மூடி. ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா வந்து விழும். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். "இதுதான்க்கா" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

இதற்குள் அக்கா பிரஸ் வாங்கப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பைக்கில் ஒட்ட பிரஸ் ஸ்டிக்கர் கிடைக்குமா என்று ஒருவன் கேட்டான். களமருதூரிலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க மஞ்சள் பையோடு வந்துவிட்டார்.

"பத்திரிக இல்லிங்க. இது தோட்டா போடற பிரஸ்" என்றார் அக்கா.

பெரியவர் பையைக் கீழே வைத்தார். "மொய் வெக்காதவங்களுக்குங்களா?"

அக்கா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சேலத்தில் ஒரு போட்டியாளர் வீட்டில் இரண்டு வகையும் இருந்தன. பார்க்கப் போனோம். பழகும்போது மருந்தே வேண்டாம் என்று, வெள்ளிமலைச் சந்தையில் வாங்கிய சாமையும் கொஞ்சம் பச்சைப்பயறும் அக்கா கொண்டுவந்திருந்தார். மருந்துக்குச் சாமை, குண்டுக்குப் பயறு. சுற்றுகிற மெஷினில் உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தார். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். சம்பந்தி வீட்டு வம்பு முழுவதும் வந்தது. தோட்டாக்கள் மடமடவென்று விழுந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றில் சாமையே இல்லை. அடுத்ததில் இரண்டு பங்கு. பேச்சு சுவாரஸ்யத்தில் தட்டு எங்கோ சரியாகச் சுற்றாமல் நின்றிருக்கிறது. அந்த இரண்டு பங்கும் உண்மையான வெடிமருந்தாக இருந்திருந்தால், சுடும்போது துப்பாக்கிக் குழாய் அவர் முகத்தருகே வெடித்திருக்கும். என் குதூகலம் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, மெதுவா போறதையே வாங்கிடலாம்" என்றேன்.

"அது மெதுவா போவும். என் கண்ணு நிக்குமா?" என்றார். "தப்பு மெஷின் மேல இல்ல தம்பி. நான் பேசிக்கினே இழுத்தேன் பாரு, அதும் மேல."

சுற்றுகிறதையே வாங்கினார். லீவரில் கை இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விழுந்ததைக் குனிந்து பார்த்த பிறகுதான் அடுத்த இழுப்பு. மணி கேட்க வந்தவனிடம் மோட்டார் காயில் எரிந்துபோன கதையைச் சொல்லி அனுப்புகிற மனுஷி அவர், நமக்குத் தெரியாதா? முதல் வாரம் அவர் மகனே எனக்குப் போன் செய்தான். "அம்மாவுக்கு என் மேல இன்னா கோவம்னு தெரில அண்ணா. கதவ சாத்திக்கினு பேசவே மாட்டுது."

அந்த மௌனத்தில் பெட்டி பெட்டியாகத் தோட்டா பிறந்தது. மலையடிவாரத்து மைதானத்தில் அக்கா சுட்டுக்கொண்டே இருந்தார். தகுதிச் சுற்றில் தேறினார். மாநிலப் போட்டியில் அவர் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தபோது, பின்னால் நின்ற நான்தான் முதலில் கைதட்டினேன்.

பதக்கம் வரவில்லை, வரிசையில் எங்கோ கீழேதான் இருந்தார். ஆனால் கடைசித் தட்டு வலப்பக்கமாகப் பறந்தது. அது அவர் கண் கைவிட்டுக்கொண்டிருந்த பக்கம். துப்பாக்கி அதன் பின்னாலேயே போனது. வெடித்தது. வானத்தில் செம்பொடி, பின்னால் எங்கள் கூச்சல்.

திரும்பும்போது ரயில் சின்னசேலம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். அதில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அவர் மெஷின் யாரிடம் போகுமோ தெரியாது, எனக்கு அது வேண்டியதுமில்லை. அன்று சுடும் மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துச் சொன்ன ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

"நீங்கல்லாம் கத்தனதால தெரில தம்பி. ஒடஞ்சத நானே பாத்தேன்."