நாய்க்கு எறிந்த சூடை மீன்

மயிலிட்டியில் எங்கள் ஒழுங்கையில் நான் சைக்கிள் திருத்துகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. கையிலிருக்கும் சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். தனியாள். துணைக்கு ஒரு மண்ணிற நாய்.

போன வருடம் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் விடியவே பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். முதலாம் வகுப்பு மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது தகப்பனின் பொறுப்பு. போகும் வழியில் என் படலை. படலைக்கு முன்னால் என் நாய்.

முதல் நாளே தகப்பன் வந்துவிட்டார்.

“அண்ணை, உங்கடை நாயைக் கட்டி வையுங்கோ. பிள்ளை பயப்பிடுறாள்.”

“ஓம் தம்பி” என்று சில்லிடம் சொன்னேன்.

கட்டினேன். நாய் ஊரே கேட்க ஊளையிட்டது. பிள்ளை இன்னும் பயந்து பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவிழ்த்து விட்டேன்.

அதன் பிறகு அவர் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினார். ஆறடி ஆள், வலை இழுத்து உரமேறிய கைகள். அவர் ஓட, நாயும் பின்னால் ஓடும். கடிக்க அல்ல, மீன் மணத்துக்கு. கரைக்கு வந்து மீனைக் கொடுத்துவிட்டு, குளிக்காமல், உடுத்த அதே சாரத்தோடு பிள்ளையைத் தூக்குகிறவர் அவர். என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான், அந்த மணம் எனக்குப் பழக்கம். ஆனாலும் ஒருவரைப் பார்த்து உங்களில் மீன் மணக்கிறது என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் முன்னால் வாய் திறக்கவில்லை.

பிறகு நாய் நான் போடும் சோற்றைத் தொடாமல் விட்டது. ஏதோ வருத்தம் பிடித்துவிட்டது என்று பயந்தேன். ஒருநாள் காலை வேலிக்குள்ளால் பார்த்தபோது விளங்கியது. கறிக்கு எடுத்து மடியில் கட்டி வந்த சூடை மீனில் ஒன்றை அவர் தூர எறிந்துவிட்டு ஓடுகிறார். நாயின் கவனத்தைத் திருப்புவதாக அவர் எண்ணம். நாய் கண்டதோ வேறு. ஒருவர் வருகிறார், மீன் தருகிறார், மீதியோடு ஓடுகிறார். எப்படி விடுவது? அடுத்த கிழமை ஒருநாள் அயலில் இருந்து இன்னும் இரண்டு நாய்கள் வந்து காத்திருந்தன.

அன்று பின்னேரம் அவர் மகளோடு என் கொட்டிலுக்கு வந்து மர வாங்கில் இருந்தார்.

“அண்ணை, இவளைச் சாவகச்சேரியிலை பெரியம்மா வீட்டை விடப்போறம். அங்கை பள்ளிக்கூடம் பக்கத்திலை. இஞ்சை கிழமைக்கு ரெண்டு நாள்தான் போறாள். ரீச்சரும் ஏசிப்போட்டா.” குரல் இறங்கியது. “தாய் ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை.”

“நான் போகமாட்டன்” என்றாள் மகள்.

சில்லை இரண்டு தரம் சுற்றினேன். “தம்பி, நாய் துரத்திறது உங்களையில்லை, மீனை. நீங்கள்தான் பழக்கிப்போட்டியள்.”

“எனக்கென்ன பயம் அண்ணை? பிள்ளைக்குத்தான்…”

அந்த நேரம் பார்த்து நாய் வாங்குக்குக் கீழிருந்து தும்மியது. அடுத்த கணம் ஆறடி ஆள் வாங்குக்கு மேலே நின்றார். மகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கும் பயமோ?”

“சின்னனிலை கடிச்சதம்மா. நாய் கடிச்சது ஒருக்காத்தான். டாக்குத்தர் தொப்பிளைச் சுத்தி ஊசி குத்தினதுக்குக் கணக்கில்லை.”

“அதுதான் நான் சாப்பிடாட்டி நாய் வருமெண்டு வெருட்டுறனீங்களோ?”

அவர் வாங்கில் நின்றபடியே தலையாட்டினார்.

அவர்களை வெளியே நிறுத்தி, நாயை உள்ளே விட்டுப் படலையைச் சாத்தினேன். மீனை எறியக்கூடாது, நாய் குந்தி இருக்கும்வரை பொறுத்து, இருந்ததும் படலைக்குக் கீழால் தள்ள வேண்டும் என்றேன். நான் சோறு வைப்பதும் அப்படித்தான். அவர் வீட்டுக்கு ஓடி மீனோடு ஒரு துடுப்பையும் கொண்டு வந்தார், தள்ளுவதற்கு. மகள் “இரு” என்றாள். இருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு தினமும் வேளைக்கே வந்தார்கள். படலை திறந்தது. துடுப்பு வீட்டோடு நின்றது. மீன் எறிவது நின்றதும் அயல் நாய்கள் இரண்டும் வராமல் விட்டன. ஒருநாள் மகள், “உங்களிலை மீன் மணக்குதப்பா, குளிச்சிட்டு வாங்கோவன்” என்றாள். நான் மூன்று நாள் சொல்லிப் பார்த்ததை அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

பெரியம்மா வந்து கூட்டிப்போவதாக இருந்த நாளன்று வாடைக்காற்று பலம். படகுகள் இறங்கவில்லை. மீனில்லை. அவர் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

“கையிலை ஒண்டுமில்லை அண்ணை. உதுக்கு விளங்குமோ?”

மகள் நடந்து போய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். “கடல் சரியில்லை, நாளைக்குப் பாப்பம்” என்று நாயிடம் விளக்கமும் சொன்னாள். நாய் கைகளை மணந்து பார்த்துவிட்டுக் குந்தி இருந்தது.

“அப்பா, நீங்களும் காட்டுங்கோ.”

அவர் என் பக்கத்தில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை நீட்டினார். மற்றக் கை என் தோளை நெரித்தது. நாய் ஒருமுறை நக்கியது.

“கடிச்சுப்போட்டுதோ?”

“நக்கினதப்பா.”

“வடிவாப் பார், ரத்தம் வருதோ எண்டு.”

பிறகு இருவரும் போனார்கள். நடந்துதான் போனார்கள். மகளை விட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் தனியாக என் படலையடியில் நின்று போனில் பிள்ளையின் பெரியம்மாவோடு கதைத்தார். நாய் காலடியில் நின்றது.

“மச்சாள், நீங்கள் வரவேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போட்டாள்.” கொஞ்சம் பொறுத்து, சத்தத்தைக் குறைத்தார். “ஓம், நானும்தான்.”