அம்மா வீட்டு முருங்கைப் போத்து

திண்டிவனத்தில் அம்மா வீட்டுக் கொல்லையில் கால் வைக்க இடம் இருக்காது. தென்னைக்குக் கீழே முருங்கை, முருங்கைக்குக் கீழே கறிவேப்பிலை, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் சேம்பு, வேலி முழுக்கப் பிரண்டையும் கோவையும். அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிறகு எனக்கு வேலை அங்கேதான். காய் ஓய்ந்ததும், ஆடிக் காற்றுக்கு முன்னால், அம்மா முருங்கையை மொட்டையாகக் கழித்துவிடுவாள். மரம் செத்துப்போகுமோ என்று எனக்குச் சோறு இறங்காது. இருபது நாளில் துளிர்த்துவிடும். அடுத்த வருஷமும் அப்படியே பயப்படுவேன்.

அம்மா போன மறு வருஷம், கொல்லையில் ரூம் கட்டப்போவதாக அண்ணன் விழுப்புரத்துக்கு, என் புகுந்த வீட்டுக்கு, கடுதாசி போட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் மரம் தரையில் கிடந்தது. அடிக்கட்டையையும் தோண்டி எடுத்திருந்தார்கள். கிளைகளின் பட்டையை ஆடுகள் உரித்துத் தின்றிருந்தன. நடுவதற்கு ஆகிறமாதிரி, கை கனத்தில், ஒரே ஒரு போத்து கிடைத்தது. ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டேன்.

எதிரே வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலை, விற்கிற கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, புருஷனை அடிக்க எடுத்துக்கினு போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டை காய்ந்துவிடுமோ என்றே நினைப்பு.

கிணற்றடியில் நட்டு, வெட்டுவாய் காயாமல் உச்சியில் சாணி அப்பினேன். இரண்டு வாரத்தில் துளிர்த்தது.

"பாத்தியா, புடிச்சிக்கிச்சி" என்றார் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முருங்கைக்கட்டை வேர் விடாமலேயே, உள்ளே இருக்கிற ஈரத்தில் துளிர்த்துவிட்டுப் பிறகு கருகும். அம்மா கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். தினமும் லேசாக ஆட்டிப் பார்த்தேன்.

"பல்லு ஆடுதான்னு பாக்கற மாதிரி பாத்துக்கினு கீறியே! உட்டுத் தொலைடி."

விட முடியவில்லை. ஒரு மத்தியானம் ஓரகத்தி கண்ணயர்ந்த நேரம் பிடுங்கியே பார்த்துவிட்டேன். அடியில் வெள்ளையாக, சேமியாபோல, நாலைந்து வேர். மற்றவை மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டன. திரும்பக் குழியில் வைத்து மிதித்தேன். நாலாம் நாள் துளிர் தொங்கிவிட்டது. பிறகு கட்டை அழுகியது.

ஓரகத்தி திட்டவில்லை. அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போனவர், கெடாரிலிருந்து ஒரு போத்து கொண்டுவந்து அதே இடத்தில் நட்டார். கை சும்மா இருக்காது என்று பயந்து, அந்தப் பக்கம் தண்ணீர் சேந்தக்கூட நான் போகவில்லை. அது பிழைத்தது. நீளநீளமாகக் காய்த்தது. அம்மா மரத்துக் காய் குட்டை, ஒரு சாண்தான், நல்ல சதை.

முதல் காயைக் குழம்பில் போட்டு எனக்கு ஊற்றினார்.

"எப்டி கீது?"

"நல்லா கீதுக்கா."

பொய்யில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினார். சப்பிக்கொண்டே, அம்மா மரத்துக் காய் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு நினைத்தும் நாக்கில் கெடார்க் காயின் ருசிதான் இருந்தது.